மறைத்து வைத்த துரும்பு: மட்டக்களப்பு வாவிக்கரைச் சீட்டாட்டமும் அதன் வரலாற்றுச் சான்றும்

வரலாற்று ஆராய்ச்சியில் ஈடுபடுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் நாணயத்தையும் பிறநாட்டார் எழுதிவைத்த குறிப்பையும் தேடிச் செல்வது இயல்பு. இவை அரசரையும் படையெடுப்பையும் வரிவிதிப்பையும் பற்றிக் கூறுவன. பகல் முழுவதும் வாவியில் வலை வீசியவனும் வயலில் உழைத்தவனும் மாலைப்பொழுதை எவ்வாறு கழித்தனர் என்னும் வினாவுக்கு இவற்றில் விடை கிடைப்பது அரிது. ஆயினும், அவர்கள் ஆடிய விளையாட்டு இன்றும் ஆடப்படுமாயின், அதில் வழங்கும் சொற்களும் விதிகளும் ஒருவகை ஆவணமாக நமக்குப் பயன்படக்கூடும். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வழங்கிவரும் ‘முந்நூற்றுநான்கு’ என்னும் சீட்டாட்டத்தை அத்தகைய ஆவணமாகக் கொண்டு, அது எதனைக் கூறுகின்றது என நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சீட்டாட்டம் பல்கலைக்கழக ஏடொன்றிற் பேசத்தக்க பொருளா எனச் சிலர் ஐயுறலாம். வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்து அதனைக் கடிந்துள்ளார். நம் புலமை மரபு சீட்டாட்டத்தைப் பாராது விட்டமைக்கு இக்கடிதலும் ஒரு காரணமாதல் கூடும். ஆனால் முந்நூற்றுநான்கு பெரும்பாலும் பணத்துக்காக ஆடப்படுவதன்று. செத்தவீட்டில் இரவு முழுவதும் விழித்திருப்போரும், வேலை ஓய்ந்த நாளிற் கூடும் அயலவரும் ஆடுவது அது. அங்கே பணயமாக வைக்கப்படுவது ஆடுவோரின் மானமே. அத்துடன், ஒரு சமூகம் எதனைக் கடிந்தது என்பதைப் போலவே, கடிந்தும் எதனை விடாது பற்றி நின்றது என்பதும் வரலாற்று மாணவனுக்கு உரிய வினாவாகும்.

ஆட்டமும் அதன் கணக்கும்

ஆட்டத்தின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். விதிகள் ஊருக்கூர் சிறிது வேறுபடுமாயினும், பரவலான வழக்கு வருமாறு. நால்வர் ஆடுவர், எதிரெதிரே அமரும் இருவர் ஒரு கட்சியினர். ஐம்பத்திரண்டு சீட்டுக் கொண்ட கட்டிலிருந்து இரண்டு முதல் ஆறு வரையான சீட்டுகளை விலக்கினால் எஞ்சுவன 32. ஒவ்வோர் இனத்திலும் எட்டுச் சீட்டுகள் உள. அவற்றின் மதிப்பு: ஜாக் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, இராசா 3, இராணி 2, எட்டுக்கும் ஏழுக்கும் மதிப்பில்லை. ஓரினத்தின் கூட்டுத்தொகை 76. நான்கு இனங்களுக்குமாக 304. ஆட்டத்தின் பெயருக்குக் காரணம் இதுவே.

நால்வருக்கும் முதலில் நந்நான்கு சீட்டுகளே பங்கிடப்படும். அந்நான்கை மட்டும் பார்த்து, ஏலம் கேட்பதுபோல, தம் கட்சி இத்தனை புள்ளி எடுக்கும் என ஆடுவோர் கேட்பர். குறைந்த கேள்வி 160. முந்நூற்றுநான்கின் சரிபாதி 152 ஆதலின், பாதியைக் கடந்த முதற் பத்து அதுவாகும். கூடிய கேள்வி கேட்டவர் தம் நான்கு சீட்டுகளுள் ஒன்றைக் கவிழ்த்து வைப்பார். அச்சீட்டின் இனமே அவ்வாட்டத்தின் துரும்பு. அது எவ்வினம் என்பதை எதிர்க்கட்சியார் அறியார். அவருடைய கூட்டாளியும் அறியார். அதன் பின்னரே எஞ்சிய நந்நான்கு சீட்டுகள் பங்கிடப்படும். அவற்றைக் கண்டபின் மிகப்பெரிய தொகைக்குக் கேள்வியை உயர்த்தவும் இடமுண்டு. ஆட்டம் தொடங்கி, கேட்கப்பட்ட இனத்தில் சீட்டில்லாத ஒருவர் துரும்பால் வெட்டும் வரையில் கவிழ்த்த சீட்டு கவிழ்ந்தே கிடக்கும்.

இருவினக் கையும் முதற் கேள்வியும்

இவ்வாட்டத்தில் எழும் கடினமான வினா ஒன்றை இனி எடுத்துக்கொள்வோம். ஒருவர் கையில் ஆட்டின் ஜாக், ஆட்டின் ஒன்பது, கிளாவர் ஆசு, கிளாவர் பத்து என்னும் நான்கும் வந்தன எனக் கொள்க. ஈரினத்தில் இவ்விரண்டு. கையிலுள்ள புள்ளி 71. கேட்பதா, விடுவதா? கேட்டால் எவ்வினத்தைத் துரும்பாக்குவது?

விடை ஒருவாறு தெளிவானதே. ஆட்டினைத் துரும்பாக்கினால் அவ்வினத்தின் தலையாய இரு சீட்டுகளும் தம்மிடமே உள்ளன. துரும்பின் ஜாக்கை வெல்லும் சீட்டு கட்டில் வேறில்லை. இன்னும் வரவேண்டிய நான்கு சீட்டுகளுள் ஒன்றேனும் ஆட்டினாக இருக்கும் வாய்ப்பையும் கணக்கிடலாம். காணாத சீட்டுகள் 28. அவற்றுள் ஆட்டின் 6. நான்கும் ஆட்டின் அல்லாதனவாக அமையும் வழிகள் 20,475க்கு 7,315. ஆகவே ஒன்றேனும் வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 64. கவிழ்த்து வைத்த சீட்டை ஏனையவற்றைப் போலத் தாராளமாக ஆட இயலாது என்பதை நினைவிற் கொண்டால், இந்த 64 எத்துணை முக்கியமானது என்பது விளங்கும். கையில் துரும்பாக எஞ்சுவது ஒரே சீட்டு. அதற்குத் துணை வருமா என்பதை வைத்தே கேள்வியின் துணிவு அமைகின்றது.

ஆனால் கை சற்றே மாறினால் நிலைமை கடினமாகும். ஆட்டினில் ஜாக் ஒன்று மட்டும். கிளாவரில் ஒன்பது, ஆசு, பத்து. ஆட்டினைத் துரும்பாக்கின், அந்த ஜாக்கையே கவிழ்த்து வைத்தல் வேண்டும். கையில் வேறு துரும்பு இல்லை. கிளாவரைத் துரும்பாக்கின் மூன்று சீட்டின் நீளம் உண்டு. ஆனால் கிளாவர் ஜாக் எங்கோ பிறர் கையில் உள்ளது, அல்லது பங்கிடப்படாத சீட்டுகளுள் உள்ளது. துரும்பல்லாத ஆட்டின் ஜாக்கையும் முழுதும் நம்புவதற்கில்லை. ஓரினத்தில் எட்டே சீட்டுகள் இருப்பதால், நால்வரில் ஒருவரிடம் அவ்வினம் அறவே இல்லாது போய், அவர் அதனை வெட்டிவிடுதல் எளிதில் நிகழக்கூடியது. நீளமா, தலைச்சீட்டா என்னும் இவ்வினாவில் அனுபவமிக்கோரும் கருத்து வேறுபடுவர்.

பிரிட்ஜ் ஆட்டம் பயின்றோர்க்கு இவ்வினா புதியதன்று. இருவினக் கையை எவ்வாறு திறப்பது என்பது அவ்வாட்டத்தின் நூல்கள் அனைத்தும் பேசும் பொருள். ஆனால் இரண்டிலும் வினா ஒன்றாயினும் விடை தேடும் வழி வேறு. அவ்வேறுபாடு இக்கட்டுரைக்கு இன்றியமையாதது ஆகலின், அதனைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும்.

பிரிட்ஜ் தரும் ஒப்புநோக்கு

பிரிட்ஜ் என்னும் பெயர் பாலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு ஒலியில் ஒத்திருப்பினும், 1886 இல் இலண்டனில் வெளிவந்த ஒரு சிறு பிரசுரம் அதனைப் ‘பிரிட்ச், அல்லது உருசிய விஸ்ற்’ என்றே குறித்தது. விஸ்ற் என்னும் பழைய ஆங்கில ஆட்டத்தின் வழித்தோன்றல் அது. விஸ்ற்றில் துரும்பைத் தீர்மானித்தது இறுதியாகப் பங்கிட்ட சீட்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏலமுறை புகுந்தது. 1925 இல் பனாமாக் கால்வாய் வழியே சென்ற கப்பலொன்றில் அமெரிக்கரான ஹரல்ட் வன்டபில்ட் வகுத்த புள்ளிமுறையோடு இன்றைய ஒப்பந்தப் பிரிட்ஜ் உருப்பெற்றது. 1930களில் ஈலி கல்பேட்சன் இதனை உலகெங்கும் பரப்பினார்.

பிரிட்ஜில் பதின்மூன்று சீட்டுகளையும் கண்ட பின்னரே கேள்வி தொடங்கும். கேட்கும்போது இனத்தையும் வெளிப்படையாகக் கூறல் வேண்டும். இனங்களுக்குள் தரவரிசையும் உண்டு: கிளாவர் கடையானது, அதன்மேல் டயமன், அதன்மேல் ஆட்டின், இஸ்பேடு தலையானது. ஈரினத்தில் சரியாக ஐந்தைந்து அமைந்த கை நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு முறை வரும். அவ்வாறு இஸ்பேட்டில் ஐந்தும் ஆட்டினில் ஐந்தும் வந்தால், உயர்ந்த இனமாகிய இஸ்பேட்டை முதலிற் கூறுக என்பது பொதுவிதி. ஒரு இஸ்பேடு என்று திறந்து, அடுத்த முறை இரண்டு ஆட்டின் என்று கூறினால், ஆட்டினை விரும்பும் கூட்டாளி வாளா இருக்கலாம்; இஸ்பேட்டை விரும்புவார் அதே இரண்டாம் படியில் இரண்டு இஸ்பேடு எனத் திரும்பலாம். மாறாக ஆட்டினை முதலிற் கூறி இஸ்பேட்டைப் பின்னர்க் கூறினால், ஆட்டினை விரும்பும் கூட்டாளி மூன்றாம் படிக்கு ஏறவேண்டியவராவார். ஓரினம் மற்றையதைவிட நீண்டிருப்பின் நீண்டதையே முதலிற் கூறுவர். இஸ்பேடும் கிளாவரும் ஐந்தைந்தாக வரும்போது எதனை முற்கூறுவது என்பதில் நூலாசிரியர்களிடையே நெடுங்காலம் கருத்து வேறுபாடு நிலவிற்று.

பின்னர் வந்தோர் ஒரே கேள்வியால் இரண்டு இனங்களையும் உணர்த்தும் குறிமுறைகளை வகுத்தனர். ஒல்லாந்தின் முய்டர்பேர்க் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் முறை அவற்றுள் ஒன்று. அதன்படி இரண்டு ஆட்டின் அல்லது இரண்டு இஸ்பேடு எனத் திறப்பவர், அவ்வினத்தில் ஐந்து சீட்டும், டயமன் கிளாவர் என்னும் தாழ்ந்த இனங்களுள் ஒன்றில் நான்கோ மேலோ உண்டென்பதையும் உணர்த்துகின்றார். இக்குறிமுறைகளை எதிர்க்கட்சியாருக்கும் மறையாது விளக்கவேண்டும் என்பது விதி. சுருங்கக் கூறின், பிரிட்ஜில் இருவினக் கை ஒரு மொழிப் பிரச்சினை: கூட்டாளிக்கு எதனை முன்னும் எதனைப் பின்னும் சொல்வது என்பதே அங்கு வினா.

முந்நூற்றுநான்கில் சொல்வதற்கு இடமில்லை. கேள்வியில் தொகை உண்டு, இனம் இல்லை. ஆட்டினா கிளாவரா என்னும் முடிவைக் கேட்டவர் தனியே எடுத்துத் தனியே சுமக்கின்றார். அவர் கிளாவரை வலிந்து ஆடும்போது எதிரி அதனைத் துரும்பென மயங்கலாம், கூட்டாளியும் மயங்கலாம். இங்கு இருவினக் கை ஒரு மறைப்புப் பிரச்சினை. ஒரே வடிவான கை, ஓரிடத்தில் பேச்சையும் மற்றோரிடத்தில் மௌனத்தையும் வேண்டி நிற்பது ஏன்? விடையைக் காண வாவிக்கு வந்த கப்பல்களின் வரலாற்றிற்குச் செல்லல் வேண்டும்.

வாவிக்கு வந்தோர்

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி, கீழ்க்கரையை நாடி வந்த கப்பல்களுக்கு வாயிலாக அமைந்தது. ஒல்லாந்தர் இலங்கையோடு கொண்ட உறவு கொழும்பிலோ காலியிலோ தொடங்கவில்லை, மட்டக்களப்பிலேயே தொடங்கிற்று. 1602 ஆம் ஆண்டு யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் இங்கு வந்திறங்கிக் கண்டிக்குச் சென்று முதலாம் விமலதர்மசூரியனைக் கண்டார். அவருக்குப் பின் வந்த செபால்ட் டி வீர்ட் 1603 இல் மன்னனோடு முரண்பட்டு மட்டக்களப்பிலே கொல்லப்பட்டார்.

போர்த்துக்கேயர் 1628 இல் புளியந்தீவிற் கோட்டை எழுப்பினர். பத்தாண்டுகளே கழிந்த நிலையில், 1638 மே மாதத்தில் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட் அதனைக் கைப்பற்றினார். அதே மாதத்தில் மன்னனுக்கும் ஒல்லாந்தருக்கும் உடன்படிக்கையும் மட்டக்களப்பிலேயே எழுதப்பட்டது. இடையில் மன்னனிடம் சென்ற இவ்விடத்தை 1668 இல் ஒல்லாந்தர் மீளவும் கைக்கொண்டு, 1795 இல் ஆங்கிலேயர் வரும் வரையில் ஆண்டனர். புளியந்தீவுக் கோட்டை பின்னர் நெடுங்காலம் அரச அலுவலகங்களுக்கு இடமளித்தமையை இப்பகுதியினர் நன்கறிவர்.

கோட்டையில் இருந்தோர் யார் என்பதும் கருதத்தக்கது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் போர்வீரர் அனைவரும் ஒல்லாந்தர் அல்லர். செருமானிய நாடுகளிலிருந்தும் வட ஐரோப்பாவிலிருந்தும் வந்தோர் அவர்களுட் பெருந்தொகையினர். சுவிற்சலாந்தின் நியூசாத்தல் பகுதியில் 1781 இல் திரட்டப்பட்ட தெ மெரோன் படையணியும் கம்பனியின் ஊழியத்தில் இலங்கைக்கு வந்து, 1795 இல் ஆங்கிலேயர் பக்கம் மாறிற்று. நெடுமாதங்கள் கப்பலிலும் நெடுவருடங்கள் காவற்கோட்டையிலும் கழித்த இம்மாந்தர்க்குச் சீட்டுக்கட்டு இன்றியமையாப் பொழுதுபோக்காக இருந்தமை வியப்பன்று.

சொற்கள் கூறும் சான்று

சீட்டாட்டச் சொற்களை இனி நோக்குவாம். கிளாவர் என்பது ஒல்லாந்த மொழியில் ‘கிளாவர்’ என்றே வழங்கும். மூவிலைப் புல்லைக் குறிக்கும் சொல் அது. ஆட்டின் என்பது அம்மொழியின் ‘ஹார்ட்டன்’ என்பதன் திரிபு. இதயங்கள் என்பது பொருள். சிங்களத்தில் நான்கு இனங்களின் பெயர்களும் ஒல்லாந்த வழியினவாகவே நிலைத்துள்ளன: கலாபர, ஹாரத, ருயித, இஸ்கோப்ப. இறுதி இரண்டும் முறையே ஒல்லாந்தரின் ‘ரௌய்ட்டன்’, ‘ஸ்கோப்பன்’ என்பவற்றின் வழிவந்தவை. ஒல்லாந்தர் 1663 முதல் கொச்சியை ஆண்ட மலையாள நாட்டிலும் கிளாவர் என்னும் சொல் வழங்குகின்றது. போர்த்துக்கேயரோ இவ்வினங்களைக் கோப்பை, வாள், பொன், தடி என்னும் பொருள்படும் சொற்களாலேயே வழங்குவர். ஆகவே இனப்பெயர்கள் ஒல்லாந்தரிடமிருந்து வந்தன என்பதில் ஐயமில்லை.

துரும்பு என்னும் சொல்லை அவ்வளவு விரைவாக ஒல்லாந்தர் கணக்கில் எழுதிவிடல் தகாது. ஒல்லாந்தச் சொல் ‘துரூஃப்’. அதில் மெல்லெழுத்து இல்லை. போர்த்துக்கேயரின் ‘துருன்ஃபு’ என்பதிலும் ஆங்கிலேயரின் ‘திரம்ப்’ என்பதிலும் அது உண்டு. மலையாளத்தில் வழங்கும் ‘துருப்பு’ ஒல்லாந்தச் சொல்லை நெருங்கி நிற்க, தமிழும் சிங்களமும் மெல்லெழுத்தோடு கூடிய வடிவத்தையே கொண்டன. தமிழில் இச்சொல்லுக்கு இன்னொரு வாய்ப்பும் இருந்தது. வைக்கோற் சிறுகூற்றைக் குறிக்கும் துரும்பு என்னும் பழஞ்சொல் ஏற்கனவே இருந்தமையால், வந்த சொல் அவ்வடிவத்தில் எளிதாக அமர்ந்துகொண்டது. அற்பமான ஏழாம் சீட்டும் துரும்பானால் ஆசை வெட்டுகின்றது. சொல்லின் இருபொருளும் ஆட்டத்தில் ஒன்றுக்கொன்று முரணாது நிற்கின்றன.

ஒரே ஆட்டத்தின் சொற்கள் ஈரிடத்திலிருந்து வந்திருத்தல் மட்டக்களப்பை அறிந்தோர்க்கு வியப்பளியாது. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்திலும் கரையோர மக்களிடையே போர்த்துக்கேயமே பொதுத் தொடர்பு மொழியாக நிலவியது. கண்டி மன்னருக்கும் கம்பனிக்கும் இடையே சென்ற திருமுகங்களிலும் அம்மொழி வழங்கிற்று. மட்டக்களப்புப் பறங்கியர் சமூகம் ஒல்லாந்த வழியினரையும் உட்கொண்டதாயினும், அவர்தம் வீட்டுமொழி போர்த்துக்கேயக் கலப்புமொழியாகவே இருந்து வந்துள்ளது.

விதிகள் கூறும் சான்று

சொற்களைவிட விதிகளே வலிய சான்று. ஜாக்கும் ஒன்பதும் ஆசையும் இராசாவையும் வெல்லும் ஆட்டங்கள் உலகிற் பல அல்ல. ஒல்லாந்தில் ‘கிளாவர்யாசன்’ என்றும் சுவிற்சலாந்தில் ‘யாஸ்’ என்றும் வழங்கும் ஆட்டக் குடும்பம் அவற்றுள் தலையாயது. அதில் துரும்பு ஜாக்கின் மதிப்பு 20, துரும்பு ஒன்பதின் மதிப்பு 14. ஆசு 11, பத்து 10, இராசா 4, இராணி 3. இவற்றை முந்நூற்றுநான்கின் 30, 20, 11, 10, 3, 2 என்னும் வரிசையோடு வைத்து நோக்குக. உறவு வெளிப்படை. கேரளத்தின் ‘இருபத்தெட்டு’, வங்கத்திலும் நேபாளத்திலும் வழங்கும் ‘இருபத்தொன்பது’ ஆகியனவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தனவே. இவற்றின் மூலம் ஒல்லாந்த யாஸ் வகை ஆட்டமாதல் கூடும் என்பது சீட்டாட்ட வரலாற்றறிஞர் பலரின் கருத்தாகும். யாஸ் ஆட்டத்தின் சீட்டு மதிப்புகளைக் கூட்டினால் 152 வருவதும், அதன் இருமடங்கு 304 ஆதலும் ஆர்வமூட்டுவன. ஆயின் இரு தொகைகளும் வெவ்வேறு மதிப்புகளால் அமைந்தவை ஆகலின், அதனைத் தற்செயலெனக் கொள்வதே ஆராய்ச்சி நெறிக்குப் பொருந்தும்.

இவ்வளவோடு நின்றால் நாம் பெறும் முடிவு, ஒல்லாந்தர் தந்தனர், நாம் பெற்றோம் என்பதாகவே முடியும். குடியேற்றவாத வரலாறுகளில் அடிக்கடி காணப்படும் முடிவு அது. ஒரு வேறுபாட்டை ஊன்றி நோக்கின் அம்முடிவு நிலைபெறாமை தெரியவரும். ஒல்லாந்த ஆட்டத்தில் ஜாக்குக்கும் ஒன்பதுக்கும் இவ்வுயர்வு துரும்பினத்தில் மட்டுமே உண்டு. ஏனைய மூன்று இனங்களில் ஆசே தலை. ஜாக்கின் மதிப்பு 2, ஒன்பதுக்கு மதிப்பே இல்லை. முந்நூற்றுநான்கிலோ நான்கு இனங்களிலும் ஜாக்கே தலை. இம்மாற்றம் ஏன் நிகழ்ந்தது?

விடை கவிழ்த்து வைத்த அச்சீட்டில் உள்ளது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. துரும்பு யாதென ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும் ஆட்டத்தில், ஒரு சீட்டின் தரம் அது துரும்பா அன்றா என்பதைப் பொறுத்து மாறுமாயின், ஆட்டமே நடவாது. ஒருவர் கிளாவர் ஆசை இறக்க மற்றொருவர் கிளாவர் ஜாக்கை இடுகின்றார் எனக் கொள்க. கிளாவர் துரும்பாயின் வென்றது ஜாக். அன்றாயின் வென்றது ஆசு. துரும்பை வெளிப்படுத்தாமல் வென்றவர் யாரெனத் தீர்ப்பது எங்ஙனம்? மறைப்பைக் காக்க வேண்டுமாயின் எல்லா இனங்களுக்கும் ஒரே தரவரிசை அமைதல் கட்டாயமாகின்றது. மறைப்பு என்னும் ஒரு விதியை ஏற்றமையால், கடன்பெற்ற தரவரிசை முழுவதையும் மாற்றி வார்க்கவேண்டி நேர்ந்தது.

மறைப்போ ஐரோப்பிய யாஸ் ஆட்டங்களின் இயல்பன்று. நம் துணைக்கண்டத்துச் சீட்டாட்டங்களில் அது பரவலாகக் காணப்படுகின்றது. மராட்டிய, குசராத்திப் பகுதிகளின் ‘மெண்டிகோட்’ ஆட்டத்திலும் துரும்பை மூடிவைத்து ஆடும் முறை உண்டு. பாதிச் சீட்டைக் கண்ட அளவில் துரும்பைத் தீர்மானித்தல் இலங்கையின் ‘ஓமி’ ஆட்டத்திலும் காணப்படும். ஆகவே முந்நூற்றுநான்கு இரு மரபுகளின் கூட்டில் விளைந்தது. சீட்டின் மதிப்புகள் கடல்கடந்து வந்தன. அவற்றை ஆளும் முறைமை இந்நிலத்திற் பிறந்தது.

மட்டக்களப்பில் இதற்கு ஒப்பான மற்றொரு கூட்டும் உண்டு. பறங்கியரின் கலப்புமொழியை 1970களில் விரிவாக ஆராய்ந்த இயன் சிமித் என்னும் மொழியியலறிஞர், அதன் சொற்கள் போர்த்துக்கேயமாயினும் வாக்கிய அமைப்புத் தமிழை நெருங்கி நிற்பதை எடுத்துக்காட்டினார். வினை இறுதியில் நிற்பதும், வேற்றுமைப் பொருள் பெயர்க்குப் பின்னே வருவதும் தமிழ் போன்றனவே. சொல் வந்தது, இலக்கணம் இங்கு அமைந்தது. முந்நூற்றுநான்கைப் பற்றியும் இவ்வாறே கூறலாம். இவ்வாட்டம் மட்டக்களப்புக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணத்திலும் தென்னிலங்கையிலும் அது வழங்குகின்றது. ஆயினும் மொழியிலும் ஆட்டத்திலும் ஒரே நெறி தொழிற்பட்டமையை அருகருகே வைத்துக் காணுதற்கு வாவிக்கரையைப் போல வாய்ப்பான இடம் அரிது.

இந்நோக்கில் முன்னர்க் கூறிய வினாவுக்கும் விடை கிடைக்கின்றது. பிரிட்ஜ், விஸ்ற்றின் வழியே வந்து ஏலமுறையால் வளர்ந்தது. அதன் வரலாறு முழுவதும் கூட்டாளிகள் தம்முட் பேசும் மொழியை வளர்த்த வரலாறாகும். அதனால் அங்கு இருவினக் கைக்கு இலக்கணம் எழுதப்பட்டது. முந்நூற்றுநான்கு மறைப்பின் வழியே வளர்ந்தது. அதனால் இங்கு இருவினக் கை தனியொருவரின் துணிவுக்கும் நினைவாற்றலுக்கும் விடப்பட்டது. இரண்டில் ஒன்று மற்றையதின் வளர்ச்சி குன்றிய வடிவமன்று. அறையில் அமர்ந்து நூல் பார்த்துக் கற்கும் ஆட்டத்துக்கு ஆயிரம் நூல்கள் உள. பாயில் அமர்ந்து பார்த்துப் பழகும் ஆட்டத்துக்கு நூல் வேண்டியிருக்கவில்லை.

முடிவுரை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று முடிவுகள் பெறப்படும். இனப்பெயர்கள் ஒல்லாந்தத் தொடர்பை ஐயமின்றி நிறுவுகின்றன. சீட்டு மதிப்புகள் அத்தொடர்பு ஆட்டவிதிகள் வரை சென்றமையை வலுவாகச் சுட்டுகின்றன. நான்கு இனங்களுக்கும் ஒரே தரவரிசை அமைந்தமை, பெற்றவர்கள் பெற்றதைத் தம் முறைமைக்கேற்ப மாற்றியமைத்தனர் என்பதைக் காட்டுகின்றது. இம்மூன்றாவது முடிவே நமக்கு முதன்மையானது. கோட்டையை எழுப்பியோரின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. அக்கோட்டைச் சுவருக்கு வெளியே ஆட்டமொன்றை மாற்றி வார்த்தோரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் சிந்தித்தனர் என்பதற்கு அவ்விதியே சான்று.

ஆனால் இச்சான்று நிலையானதன்று. பறங்கியர் குடும்பங்கள் பல அவுத்திரேலியா முதலிய நாடுகளுக்குப் பெயர்ந்துவிட்டன. அவர்கள் செறிந்து வாழ்ந்த டச்பார்ப் பகுதி 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையாற் பேரழிவுற்றது. நீண்ட போர்க்காலம் எழுவான்கரை, படுவான்கரைக் கிராமங்கள் பலவற்றை இடம்பெயரச் செய்தது. ஓரூர் குலையும்போது நிலமும் வீடும் கணக்கெடுக்கப்படுகின்றன. அவ்வூரார் வழங்கிய ஆட்டச்சொற்கள் எக்கணக்கிலும் சேர்வதில்லை. கேள்வி எத்தொகையில் தொடங்கும், கவிழ்த்த சீட்டை எப்போது திறக்கலாம், தோற்ற கட்சிக்கு என்ன பெயர் என்னும் செய்திகள் ஊர்தோறும் வேறுபடுவன. அவ்வேறுபாடுகளை வரிசைப்படுத்தின், ஆட்டம் எவ்வழியாகப் பரவிற்று என்பதையும் கண்டறிய இயலும்.

ஆதலின் விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும், மூத்தோர் ஆடும் பாயருகே ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, அவர்தம் சொற்களையும் விதிகளையும் குறித்து வருவாராயின் அது வரலாற்றுத்துறைக்கும் மொழியியற்றுறைக்கும் ஒருங்கே செய்யும் பணியாகும். அவர்கள் கையில் இரண்டு ஆட்டினும் இரண்டு கிளாவரும் வரும்போது எதனைக் கவிழ்க்கின்றார்கள் என்பதையும், அதற்குக் கூறும் காரணத்தையும் மறவாது கேட்டு எழுதுக. அக்காரணம் அவர்களுக்கு முன் ஆடியோரிடமிருந்து வந்தது. எழுதிவையாவிடின் அது அவர்களோடு கவிழ்ந்துவிடும்.